பாதிக் கரண்டில் மாட்டிக்கொண்ட மைக்ரோகண்ட்ரோலர்

"லைட்டு முழுசாப் போகல தம்பி, மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் அன்று விடியற்காலையில் என்னிடம் முதலில் சொன்னது இதுதான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்போதே பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று வார அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மோட்டார் ஸ்டார்ட்டர் சர்வீஸ், கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் என்று ஆரம்பித்தேன். இப்போது சில வருடங்களாக இறால் பண்ணைகளுக்கு அலாரம் பெட்டியும் செய்து தருகிறேன். வேலை எளிதுதான். குட்டையில் ஏரேட்டர் (தண்ணீரைக் கலக்கிக் காற்று சேர்க்கும் மோட்டார்) ஓட வேண்டும். ராத்திரியில் பாசி ஆக்சிஜன் தராது, எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால், நெருக்கமாக விட்ட வெனாமி இறால் அதிக நேரம் தாங்காது. கரண்ட் போன உடனே பெட்டி ஓனருக்கு போன் அடிக்க வேண்டும், அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. உள்ளே பெட்டியின் மூளையாக ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப், போன் அடிக்க ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. மெயின் சப்ளை இருக்கும்வரை டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும், போனால் ரிலே (காயிலில் வோல்டேஜ் இருக்கும்வரை பிடித்திருக்கும் சுவிட்ச்) விழுந்து பேட்டரிக்கு மாறும்.

அன்று ராத்திரி போன் வரவில்லை. அண்ணன் தற்செயலாக விழித்துப் போய்ப் பார்த்தபோது ஏரேட்டர்கள் நின்றிருந்தன. ஜெனரேட்டரைப் போட்டு முக்கால்வாசி இறாலைக் காப்பாற்றிவிட்டார். நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்ப்ளேயில் 02:17 என்று அப்படியே நின்றிருந்தது. பவர் எல்இடி எரிந்தது. பேட்டரி 12.7 வோல்ட், முழு சார்ஜ். அதாவது பெட்டியின் பேட்டரி கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்திருக்க, சிப் மட்டும் உறைந்துபோய் நின்றிருக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தினேன், எழுந்துகொண்டது. ஆனால் டெஸ்ட் கால் போகவில்லை. ஈஈபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத, சிப்புக்குள் இருக்கும் நினைவகம்) இருந்த அண்ணனின் நம்பரைப் படித்துப் பார்த்தால் முதல் நான்கு இலக்கம் சரியாக இருந்தது, மீதி எல்லாம் குப்பை.

இரண்டு கோளாறு, ஒரே ராத்திரியில். உறைந்தது ஒன்று, நம்பர் அழிந்தது ஒன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்து பிளக்கைப் பிடுங்கினேன். ரிலே 'டிக்' என்றது, டிஸ்ப்ளே ஒரு நொடி அணைந்து எரிந்தது, போன் வந்தது. மறுபடி போட்டேன், பிடுங்கினேன். போன் வந்தது. இரண்டு நாளில் அறுபது தடவைக்கு மேல் செய்திருப்பேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. ரிலேயை மாற்றினேன், டிஸ்ப்ளேயை மாற்றினேன், சிப்பையே மாற்றினேன். ஈரத்தில் ஏதோ ஆகியிருக்கும் என்று போர்டுக்கு வார்னிஷ் அடித்துத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். பத்தாவது நாள் அதே கதை. இந்தத் தடவை அண்ணன் தூங்காமல் இருந்ததால் இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நெய்வேலியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் எங்கள் கடைக்கு அவ்வப்போது வருவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பிளக்கைப் பிடுங்குற. அங்க யாருப்பா பிளக்கைப் பிடுங்கறாங்க?" என்றார். அதோடு மறுநாள் தன்னுடைய பழைய வேரியாக்கையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேரியாக் என்றால் தெரிந்திருக்கும், மேலே திருகு இருக்கும், 0 முதல் 270 வோல்ட் வரை எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியை அதில் மாட்டி, 230-லிருந்து மெதுவாக இறக்க ஆரம்பித்தோம். நான் மீட்டரை சிப்புக்குப் போகும் 5 வோல்ட் லைனில் வைத்திருந்தேன். 150 வரை ஒன்றும் இல்லை. 110-க்குக் கீழே போனதும் 5 வோல்ட் லைன் அசைய ஆரம்பித்தது. 4.6, 4.2, 3.9. வேரியாக் 95-க்கு வந்தபோது லைனில் மூன்றரை வோல்ட்தான். ரிலே விழவே இல்லை. பிடித்த பிடியை விடாமல், செத்துக்கொண்டிருந்த மெயின் சப்ளையோடுதான் சிப்பைக் கட்டிவைத்திருந்தது. டிஸ்ப்ளேயில் நேரம் நின்றுவிட்டது. சார் திருகிலிருந்து கையை எடுத்தார். இருவரும் பேசவில்லை. பக்கத்தில் பேட்டரி 12.7 வோல்ட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

ரிலே வாங்கும்போது நாம் யாரும் பார்க்காத விஷயம் இது. 12 வோல்ட் டிசி ரிலே பிடிப்பதற்கு ஒன்பது வோல்ட் போல வேண்டும். ஆனால் விடுவதற்கு? சாதாரண சின்ன ரிலேயின் டேட்டாஷீட்டில் பாருங்கள், பத்து சதவீதம், அதாவது 1.2 வோல்ட் வரை இறங்கினால்தான் விடும் என்று உத்தரவாதம் போட்டிருப்பார்கள். நடைமுறையில் மூன்று, நான்கு வோல்ட்டில் விடும். சிப்புக்கு நிலையான 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டருக்கோ உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். ஆக, 7 வோல்ட்டிலிருந்து நான்கு வோல்ட் வரை ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே மெயின் சப்ளையால் சிப்புக்குச் சோறு போட முடியாது, ரிலேயும் சிப்பைப் பேட்டரிக்கு விடாது. பிளக்கைப் பிடுங்கினால் இந்த இடைவெளியைக் கண் இமைக்கும் நேரத்தில் தாண்டிவிடும், அதனால்தான் அறுபது தடவையும் தப்பித்தது. பண்ணையில் மணிக்கணக்காக அதற்குள்ளேயே நின்றிருக்கிறது.

பண்ணையில் ஏன் பாதி வோல்டேஜ் நிற்கிறது? அப்போதுதான் அண்ணன் சொன்னது உறைத்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு லைட் எப்படி எரிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"மோட்டார் கொட்டாயில குண்டு பல்ப்பு செவப்பா, சிம்னி மாதிரி எரிஞ்சுது தம்பி. லைன்மேன் வந்து டிரான்ஸ்ஃபார்மர்ல மேல ஒரு பீஸ் போயிருக்குன்னு மாத்திட்டுப் போனாரு."

டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெச்டி பக்கம், அதாவது மேலே உயர் அழுத்தப் பக்கம், ஒரு பேஸ் அறுந்தால், கீழே மூன்று பேஸில் ஒன்று முழுசாக இருக்கும், மற்ற இரண்டும் பாதியாகிவிடும். 230 இருந்த இடத்தில் 115. லைன் நீளம், லோடு எல்லாம் சேர்த்து 100-க்குக் கீழேயும் போகும். ஏரேட்டர் ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் காவல்) இருந்தால் மோட்டார்கள் டிரிப் ஆகிவிடும், பல்ப் மட்டும் மங்கலாக எரியும். கடற்கரையோரத்தில் உப்பு படிந்த இன்சுலேட்டரும், மழைக்காலத்தில் முறிந்து விழும் கிளையும் இருக்கும்வரை இது சாதாரணம். கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், "ரெண்டு பேஸ்தான் வருது" என்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் 'கரண்ட் போவது' என்று பெட்டி செய்யும்போது என் மனதில் இருந்தது பிளக்கைப் பிடுங்குவது மட்டும்தான்.

இப்போது சிப்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம், இது எந்த மைக்ரோகண்ட்ரோலருக்கும் பொருந்தும். ஏடிமெகா328பி 1.8 வோல்ட்டிலும் ஓடும் என்று எல்லோரும் சொல்வோம். அது 4 மெகாஹெர்ட்ஸ் வேகம் வரைதான். 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 வோல்ட் வேண்டும், 20-க்கு 4.5. நடுவில் கோடு போட்டுப் பார்த்தால் 16 மெகாஹெர்ட்ஸுக்கு 3.78 வோல்ட். என் சிப் 16-இல் மூன்றரை வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் சிப் நிற்பதில்லை, தப்புத் தப்பாக ஓடும். ஒரு கட்டளையை வேறொன்றாகப் படிக்கும். அதே நேரத்தில் என் புரோகிராம் 'கரண்ட் போன நேரம்' என்று ஈஈபிராமில் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பைட் எழுத சுமார் 3.3 மில்லிசெகண்ட் ஆகும். சிப் நிதானத்தில் இல்லாத நேரத்தில் எழுதச் சொன்னால் எந்த முகவரியில் எதை எழுதும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனின் நம்பர் அப்படித்தான் போயிற்று.

இதைத் தடுப்பதற்கென்றே சிப்புக்குள் பிரவுன்அவுட் டிடெக்டர் இருக்கிறது. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சிப்பை ரீசெட்டில் பிடித்துவைத்துவிடும். இந்தச் சிப்பில் 1.8, 2.7, 4.3 என்று மூன்று அளவுகள் உண்டு, ஃப்யூஸ் பிட்டில் (சிப்பின் அமைப்பை முடிவு செய்யும் பிட்டுகள்) தேர்ந்தெடுக்கலாம். கடையில் வாங்கும் புதுச் சிப்பில் இது அணைத்துவைக்கப்பட்டிருக்கும். நான் தனிச் சிப்பாக வாங்கி நானே புரோகிராம் ஏற்றுபவன், அதை எழுப்பவே இல்லை. ஆர்டுயினோ ஊனோ போர்டில் 2.7-க்கு வைத்திருப்பார்கள். 16 மெகாஹெர்ட்ஸுக்கு 3.78 வேண்டும் என்னும்போது 2.7-இல் காவல் வைத்தால் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் திறந்த வாசல். 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஓட்டுகிறவர்கள் 4.3-க்கு வையுங்கள். எக்ஸ்டெண்டெட் ஃப்யூஸ் எஃப்சி. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, புரோகிராமரில் ஒரே ஒரு வரி. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது இன்றைக்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அது மட்டும் போதாது. பிரவுன்அவுட் சிப்பைக் கெட்டுப்போகாமல் காக்கும், போன் அடிக்காது. பாதி வோல்டேஜ் இரண்டு மணி நேரம் நின்றால் சிப்பும் இரண்டு மணி நேரம் ரீசெட்டில் தூங்கும். ஆகவே ரிலேயைத் தூக்கிவிட்டேன்.

அதற்குப் பதில் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் இரண்டு ஷாட்கி டையோடு, 1என்5822. ஒன்று மெயின் பக்கம், ஒன்று பேட்டரி பக்கம், இரண்டின் கேத்தோடும் சேர்ந்து ரெகுலேட்டருக்குப் போகும். எந்தப் பக்கம் வோல்டேஜ் அதிகமோ அது கொடுக்கும். மாறுவதற்கு நேரமே எடுக்காது, 'டிக்' சத்தம் இல்லை, இடைவெளி இல்லை. ஒரே நிபந்தனை, மெயின் பக்கம் எப்போதும் பேட்டரியைவிட மேலே இருக்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி ஃப்ளோட்டில் 13.6 வோல்ட் நிற்கும் என்பதால் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 15 வோல்ட் போட்டேன். பேட்டரி சார்ஜருக்குத் தனி சர்க்யூட். இப்போது வேரியாக்கை 150 பக்கம் இறக்கும்போதே பேட்டரி சத்தமில்லாமல் தோள் கொடுத்துவிடுகிறது. 95-இல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் டீ குடிக்கப் போய்விட்டு வந்தோம், 5 வோல்ட் லைன் அசையவில்லை.

ரிலேதான் வேண்டும், அல்லது வெளியே உள்ள யுபிஎஸ் மாறும் நேரத்தைத் தாண்டினால் போதும் என்று இருப்பவர்களுக்குக் கெப்பாசிட்டர் விஷயம் ஒன்று. சர்க்யூட் 60 மில்லிஆம்ப் எடுக்கிறது, 20 மில்லிசெகண்ட் இடைவெளி என்று வையுங்கள். 5 வோல்ட் லைனில் அரை வோல்ட்தான் இறங்க அனுமதி என்றால் 2400 மைக்ரோபாரட் வேண்டும். அதையே ரெகுலேட்டருக்கு முன்னால், 15 வோல்ட் 8-க்கு இறங்கலாம் என்ற இடத்தில் வைத்தால் 170 மைக்ரோபாரட் போதும். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, இறங்கக்கூடிய வோல்ட்டால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பலரும் 5 வோல்ட் லைனில் பெரிய கெப்பாசிட்டரைப் போடுகிறார்கள். அது வோல்டேஜ் மெதுவாக விழுவதற்குத்தான் உதவும், அந்த மெதுவான விழுதல்தான் நம் எதிரி.

டையோடு போட்ட பெட்டியிலும் ஒரு தவறு வந்தது. மெயின் இருக்கிறதா என்று சிப்புக்குத் தெரிய, மெயின் பக்க டையோடுக்கு முன்னாலிருந்து 100 கிலோஓம் டிவைடர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் ஜோடி) போட்டு, சிப்பில் வோல்டேஜ் அளக்கும் ஏடிசி பின்னுக்குக் கொடுத்திருந்தேன். கடையில் சரியாக வேலை செய்தது. பண்ணையில் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில், மெயினை அணைத்த பிறகும் அந்த இடத்தில் எட்டு ஒன்பது வோல்ட் காட்டியது. ஷாட்கி டையோடு சூடானால் பின்பக்கமாகக் கசியும். சாதாரண டையோடைவிட அதன் கசிவு பல மடங்கு. பேட்டரியிலிருந்து கசிந்து வந்த துளி மின்னோட்டத்துக்கு 100 கிலோஓம் ஒரு தடையே இல்லை, 'மெயின் இருக்கிறது' என்று சிப் நம்பிவிட்டது. இப்போது டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியிலிருந்தே தனியாக இரண்டு 1என்4007, அதற்கென ஒரு 10 மைக்ரோபாரட், இறக்கிவிட ஒரு 10 கிலோஓம் என்று வைத்திருக்கிறேன். பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. முக்கியமாக, 'இருக்கா, இல்லையா' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எவ்வளவு இருக்கு' என்று அளக்கிறேன். 170-க்குக் கீழே பத்து நொடி நின்றால் போன், 190-க்கு மேலே வந்தால்தான் 'கரண்ட் வந்துவிட்டது' என்று கணக்கு. நடுவில் இருபது வோல்ட் விடாவிட்டால், மினுக்கும் ராத்திரியில் ஓனருக்கு ஐம்பது போன் போகும்.

ஈஈபிராமில் நம்பரை மூன்று இடத்தில் செக்சம்மோடு (கெட்டுப்போனதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைக்கிறேன். ஒன்று கெட்டால் மற்ற இரண்டில் படிக்கும். கரண்ட் தடுமாறும் நேரத்தில் எதையும் எழுதுவதில்லை, ரேமில் வைத்துக்கொண்டு நிலைத்த பிறகு எழுதுகிறது. வாட்ச்டாக்கும் (சிப் உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் டைமர்) போட்டாயிற்று, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் போட வேண்டியது.

ஜிஎஸ்எம் மாட்யூல் தந்த பாடம் வேறு மாதிரி. அது சிக்கிக்கொண்டால் சிப் அதன் சப்ளையை ஒரு மாஸ்ஃபெட்டால் (மின்னணு சுவிட்ச்) வெட்டி, ஐந்து நொடி கழித்து மறுபடி தரும். ஒருநாள் இருட்டில் பெட்டியைத் திறந்தபோதுதான் கவனித்தேன். சப்ளை வெட்டிய பிறகும் மாட்யூலின் நெட்வொர்க் எல்இடி, மின்மினிப் பூச்சி போல லேசாக எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் வைத்தால் சப்ளை பின்னில் இரண்டு வோல்ட் சொச்சம். எங்கிருந்து வருகிறது? சிப்பின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) பின் ஹையில் நிற்கிறது. அதிலிருந்து மாட்யூலின் ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும்) பின், அதற்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு, அங்கிருந்து சப்ளை லைன். பின்வாசல் வழியாக மாட்யூல் பாதி உயிரோடு இருக்கிறது, அதனால் முழு ரீசெட் ஆவதே இல்லை. சென்சார், எஸ்டி கார்டு, டிஸ்ப்ளே எதற்கும் இது நடக்கும். மைக்ரோகண்ட்ரோலருக்கே தலைகீழாகவும் நடக்கும், அதன் சப்ளை போன பிறகும் வெளியே உயிரோடு இருக்கும் இன்னொரு போர்டின் லைன் அதைச் சாகவிடாது. சப்ளையை வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போகும் பின்களை எல்லாம் லோவுக்கு இறக்குங்கள், லைனில் ஒரு கிலோஓமாவது தொடராக வையுங்கள்.

இன்னொரு பண்ணையிலிருந்து வந்த பெட்டியின் பதிவில் நேரம் 165:165:85 என்று இருந்தது. இந்த எண்ணை எங்காவது பார்த்தால் உடனே தெரிந்துகொள்ளுங்கள், ஆர்டிசி, அதாவது நேரம் காக்கும் சிப், பதிலே சொல்லவில்லை. பஸ்ஸில் (சிப்கள் பேசிக்கொள்ளும் லைன்) யாரும் பேசாவிட்டால் எல்லா பிட்டும் ஒன்றாக வரும். அதைப் பிசிடி (ஒவ்வொரு இலக்கத்துக்கும் நான்கு பிட்) என்று நினைத்து மாற்றினால் பதினைந்து பத்து, அதோடு பதினைந்து, 165. நொடியில் மேல் பிட்டை மறைத்துவிடுவதால் 85. சிப் டிஎஸ்1307. வயர் சரி, சாலிடர் சரி. பேட்டரியை எடுத்தால் வேலை செய்கிறது, போட்டால் நின்றுவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் சிஆர்2032 இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-ஐப் போட்டிருக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒரே வில்லை. முந்தையது 3 வோல்ட், பிந்தையது முழு சார்ஜில் 4.2. டிஎஸ்1307 பேட்டரிக்கு மாறும் கணக்கு பேட்டரி வோல்டேஜை வைத்துத்தான். அதற்கு வரும் சப்ளை வோல்டேஜ் பேட்டரியைப் போல 1.25 மடங்குக்குக் கீழே போனால், கரண்ட் போய்விட்டது என்று முடிவு செய்து வாயை மூடிக்கொள்ளும். 4.1 பெருக்கல் 1.25, 5.125. நம் 5 வோல்ட் அதற்குக் கீழே! மெயின் முழுசாக இருக்கும்போதே அது பேட்டரியில் ஒளிந்துகொண்டிருந்தது. அந்தச் சிப்புக்கு பேட்டரி 3.5-க்கு மேல் கூடாது என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது இன்னும் ஆபத்து. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 ஆர்டிசி போர்டுகளில் பலவற்றில் ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து பேட்டரியை சார்ஜ் செய்யும். அதில் சார்ஜ் ஆகாத சிஆர்2032-ஐப் போட்டுவிட்டு 5 வோல்ட் கொடுத்தால் வில்லை உப்பும், கசியும். அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள்.

வில்லியனூரில் பள்ளிக்கூட மணி டைமர் செய்யும் நண்பர் எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் மணி தப்பாக அடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். அங்கே பேக்கப் சப்ளை சிப்புக்குள்ளேயே, விபேட் பின்னில். பேட்டரி சரியாகத்தான் இருந்தது. மென்பொருள் கருவி தானாக எழுதித் தந்த புரோகிராம், பூட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஆர்டிசியில் புதிதாக நேரம் எழுதிக்கொண்டிருந்தது. பேக்கப் ரிஜிஸ்டரில் (பேட்டரி இருக்கும்வரை அழியாத சின்ன நினைவிடம்) ஒரு அடையாள எண்ணை எழுதிவைத்து, அது இருந்தால் நேரத்தைத் தொடாதே என்று மாற்றியதும் மணி சரியானது. தேதி மட்டும் பின்னால் போயிற்று, காரணம் அந்தச் சிப்பின் ஆர்டிசி வெறும் 32 பிட் கவுண்டர், லைப்ரரி தேதியை ரேமில் வைத்துக்கொள்கிறது. மொத்த நொடிகளைக் கவுண்டரிலேயே வைத்து தேதியைக் கணக்குப் போட்டு எடுத்தார், முடிந்தது. விபேட் பின்னில் 100 நானோபாரட்டும், பேட்டரிக்குத் தொடராக ஒரு ஷாட்கி டையோடும் போடச் சொன்னேன். சிப்பின் 3.3 வோல்ட் சப்ளை வேகமாக எழும்போது சிப்புக்குள்ளிருந்து பேட்டரிக்கு மின்னோட்டம் பின்னால் தள்ளப்படலாம் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. பேட்டரியே வேண்டாம் என்பவர்கள் விபேட்டை அந்தரத்தில் விடாமல் 3.3-இல் சேர்த்துவிடுங்கள்.

மறுபடி பரங்கிப்பேட்டை. புயல் என்றால் செல்போன் டவரும் சேர்ந்து படுத்துவிடும். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இங்கே பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன, அது யாருக்கும் மறக்காது. போனை மட்டும் நம்பக் கூடாது என்று அண்ணனின் பெட்டியில் ஒரு வண்டி ஹாரனும் சேர்த்தேன். அது மூன்று நான்கு ஆம்ப் இழுக்கும். பேட்டரி புதிதாக இருந்தவரை பிரச்சினை இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஹாரன் 'பீ' என்று ஆரம்பித்து உடனே நின்று, மறுபடி 'பீ' என்று, விட்டு விட்டு அடிப்பதாக அண்ணன் சொன்னார்.

இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை. சிப் ஒவ்வொரு தடவை எழும்போதும் தான் ஏன் ரீசெட் ஆனேன் என்று எம்சியுஎஸ்ஆர் என்ற ரிஜிஸ்டரில் வைத்திருக்கும். பவர் ஆனதாலா, பட்டனாலா, வாட்ச்டாக்காலா, பிரவுன்அவுட்டாலா. புரோகிராமின் முதல் வரியிலேயே அதைப் படித்து, சப்ளை நிலைத்த பிறகு எண்ணிக்கையாக ஈஈபிராமில் எழுதிவைக்கும் பழக்கத்தை வேரியாக் நாளிலிருந்து வைத்திருக்கிறேன். பார்த்தால் பிரவுன்அவுட் மட்டும் நூற்றுக்கணக்கில். வயதான பேட்டரி ஹாரன் இழுத்தவுடன் 7 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறது, சிப் ரீசெட் ஆகிறது, ஹாரன் நிற்கிறது, பேட்டரி எழுகிறது, சிப் எழுகிறது, மறுபடி ஹாரன். சும்மா மீட்டர் வைத்தால் அதே பேட்டரி 12.5 காட்டியது. லோடு போட்டுப் பார்க்காத பேட்டரி அளவை இப்போது நான் நம்புவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை பெட்டியே இரண்டு நொடி ஹாரனை அடித்து, அடிக்கும்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதுகிறது. 10.5-க்குக் கீழே போனால் 'பேட்டரி மாத்தவும்' என்று எஸ்எம்எஸ் வரும். ரெகுலேட்டருக்கு முன்னால், ஹாரன் கிளையிலிருந்து பிரித்து, ஒரு டையோடும் 2200 மைக்ரோபாரட்டும் சேர்த்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்று கரண்ட் மாலையிலிருந்தே வந்து வந்து போயிற்று, சிக்னல் போய்விட்டது. நான் கடலூரில் மாட்டிக்கொண்டிருந்தேன், தண்ணீர் வடிந்து பண்ணைக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. ஹாரன் சத்தத்தில்தான் எழுந்து ஜெனரேட்டர் போட்டதாக அண்ணன் சொன்னார். லேப்டாப்பை மாட்டிப் பதிவைப் படித்தேன். அந்த ஒரு ராத்திரியில் 170-க்குக் கீழேயும் 190-க்கு மேலேயுமாகப் பதினொரு தடவை மாறியிருக்கிறது. அதில் நாற்பது நிமிடம் 105 வோல்ட்டிலேயே நின்றிருக்கிறது. பிரவுன்அவுட் எண்ணிக்கை பூஜ்ஜியம். நம்பர் மூன்று இடத்திலும் சரியாக இருந்தது. ஹாரன் அடித்தபோது பேட்டரி 10.9 வரை இறங்கியிருந்தது. அதன் மேல் மார்க்கரால் அந்த அளவையும் தேதியையும் எழுதிவிட்டு வந்தேன், அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மாற்ற வேண்டும்.